நிறம் மட்டும் போன தண்ணீர்

ஜூன் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே, ஓடையோரம் வயல் வைத்திருக்கும் பாவாத்தாள் வந்து பட்டறைக் கேட்டைப் பிடித்து உலுக்கினார். கையில் ஒரு பாட்டில். உள்ளே ரோஜா சர்பத் மாதிரித் தண்ணீர். எங்கள் குழாய் போய் விழும் பள்ளத்தில் மொண்டது. இந்த ஊரில் ஓடையைப் பள்ளம் என்பார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்த புதிதில் ஏதோ குழி என்று நினைத்தேன்.

"எங்கீங்க உங்க மொதலாளி? இதைய ஒரு மொடக்குக் குடிக்கச் சொல்லுங்க, நான் பேசாமப் போயர்றேன்."

முதலாளி நாச்சிமுத்து வெளியே வந்து கும்பிட்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள கலர் நின்னுருமுங்க்கா. டீச்சர் பாத்துட்டிருக்காங்க." என்னைக் கை காட்டினார்.

பாவாத்தாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன். ஒன்பது வருடம் பிளஸ் டூ வேதியியல் நடத்தியவள். பள்ளியில் ஆள் குறைத்தபோது இந்தச் சாயப்பட்டறைக்கு வந்து இரண்டு மாதம். என் வீட்டுக்காரர், இவர், இங்கே பதினான்கு வருடமாகச் சாய மெஷின் ஓட்டுகிறார்.

ஜூலை ஒன்றாம் தேதிக்குள் நிறம் நிற்காவிட்டால் குழாயைக் கான்கிரீட் போட்டு அடைப்பதாக ஊர்க்கூட்டத்தில் முடிவாம். அடைத்தால் அறுபத்திரண்டு பேருக்கு வேலை போகும். எங்கள் வீட்டில் மட்டும் இரண்டு பேர்.

உப்பையும் நிறத்தையும் சேர்த்தே பிரிக்கிற பெரிய இயந்திரம் பின்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. அதில் தண்ணீரை வடிகட்டுகிற ஜவ்வு கிழிந்து எட்டு மாதம். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்கிறார் முதலாளி.

ஜூன் 5, புதன்

வார்ப்படப் பட்டறைகளுக்கு விற்கிற பெண்டோனைட் களிமண் இரண்டு மூட்டை வந்தது. கைக்கு மாவு போல இருக்கிறது. தண்ணீரில் போட்டால் ஊறி ஊதி, ஆறிப்போன கம்பங்கூழ் மாதிரி ஆகிறது. இந்த மண் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது.

பிடிக்கவில்லை. சிவப்பு, நீலம், கறுப்பு, மூன்றும் அப்படியே நின்றன. மண் கீழே, நிறம் மேலே. மதியம் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பிகளைத் துடைத்தேன். இவர், "நேத்துத்தானே துடைச்ச?" என்றார்.

ஜூன் 6, வியாழன்

மீண்டும் அதேதான்.

ஜூன் 9, ஞாயிறு

சர்ச்சில் பூசையின்போது சாமியாரின் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. களிமண்ணுக்கு எதிர்மின்னூட்டம். நாங்கள் பருத்திக்குப் போடும் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் என்ன செய்யும்? பதினொன்றாம் வகுப்புப் பாடம். நடுவில் நேர்மின்னூட்டத்தோடு ஒரு தரகர் வேண்டும், கல்யாணத் தரகர் மாதிரி, இரண்டு வீட்டுக்கும் வேண்டியவராக.

"விசுவசிக்கிறேன்" என்று எல்லோரும் எழுந்தபோது நான் உட்கார்ந்தே இருந்தேன். தரகர் எங்கள் பட்டறை அலமாரியிலேயே இருக்கிறார்! துவைத்தால் சாயம் போகாமலிருக்கத் துணிக்குக் கடைசியில் ஒரு ஃபிக்ஸர் போடுகிறோமே, அது நேர்மின்னூட்டம்தான்.

ஜூன் 11, செவ்வாய்

பிடித்தது.

முதலில் களிமண்ணை ஃபிக்ஸரில் ஊறவைத்தேன். பிறகு ஒரு லிட்டர் சிவப்புத் தண்ணீரில் இரண்டு கிராம். கலக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் திரிதிரியாகச் சேர்ந்தது. பத்து நிமிடத்தில் கீழே இறங்கியது. மேலே நின்ற தண்ணீர் வழியாக எதிர்ச்சுவரின் நாட்காட்டியில் தேதியைப் படிக்க முடிந்தது.

மெஷினை விட்டு ஓடிவந்து இவர் குனிந்து பார்த்தார். "செல்வி, இது அந்தத் தண்ணியா?" நான்கு தடவை கேட்டார். நான்காவது தடவை எனக்கும் சந்தேகம் வந்து வேறு பாட்டிலில் மறுபடி செய்து பார்த்தேன். அதுவும் தெளிந்தது.

உப்பு மீட்டரை முக்கினேன். களிமண் போடுமுன் லிட்டருக்கு 6,150 மில்லிகிராம். போட்டபின் 6,240. சாயம் துணியில் ஏற மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறோம். அது தண்ணீரில் கரைந்தே நிற்கும், களிமண் அதைத் தொடாது. இது எதிர்பார்த்ததுதான். நாளை மீண்டும் பார்க்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு இரண்டு. "டீச்சர், எம்பட கொலசாமி நீங்க" என்றார். அவரே ஒரு காலத்தில் தொட்டியில் இறங்கிச் சாயம் மிதித்தவர். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருக்கிறது.

"அண்ணா, நிறம்தான் போயிருக்கு. உப்பு அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"தெரியுமுங்க. ஜவ்வு மாத்துனா அதும் போயிரும். மொதல்ல ஊர்க்காரங்க கண்ணுக்கு ஒரு வழி பண்ணோணுமல்லோ?"

சரிதான் என்று பட்டது. நான் சொல்லிவிட்டேன். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பெரிய தொட்டியில் இன்று தொடங்கினோம். எவ்வளவு மண், எவ்வளவு ஃபிக்ஸர், எத்தனை நிமிடம் என்று சுவரில் பெரிய எழுத்தில் சாக்பீஸால் எழுதினேன். நான் இல்லாவிட்டாலும் யாரும் செய்யலாம். சுவரில் எழுதி ரொம்ப நாளாயிற்று. எழுத்து கோணவே இல்லை.

மாலையில் இவரும் நானும் குழாய் வாய் வரை நடந்தோம். தண்ணீர் நிறமில்லாமல் தெளிவாக விழுந்தது. அடியில் கல் தெரிந்தது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தார்.

ஜூன் 20, வியாழன்

உப்பு மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும். மாவு அரைக்கக் கொடுத்தேன். கேஸ் பதிவு செய்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

பாவாத்தாள் வந்தார். பாட்டில் இல்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"உங்களுக்குத்தானுங் அம்மிணி. மொதலாளிக்கில்ல. நம்ம பள்ளத்துத் தண்ணிய இப்படிப் பாத்து இருவது வருசமாச்சு. கண்ணாடியாட்டம் போகுது. எம்பட பேத்தி எறங்கி விளையாடறா."

கீரையை வாங்கிக்கொண்டேன்.

"கெணத்துல தண்ணி கீழ போயிருச்சு. இத்தன நாளும் சோளத்தட்டுத்தான் போட்டேன். அந்தச் செவப்புத் தண்ணிய யாரு வயலுக்குள்ள விடுவா? இப்பத்தான் கலர் போயிருச்சே. மோட்டார வெச்சு எறச்சு, முக்கா ஏக்கராவுல சின்ன வெங்காயம் ஊனலாம்னு இருக்கறேன். என்ன சொல்றீங்க?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "பாத்துச் செய்யுங்க அக்கா" என்றேன். அதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. பார்த்துத்தானே செய்ய வேண்டும்.

கேட்டின் கொண்டி துருப்பிடித்திருக்கிறது. சொல்ல வேண்டும். கீரையைப் பொரியல் செய்தேன். இவர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூன் 30, ஞாயிறு

பூசைக்குப் போனோம். நற்கருணை வாங்க வரிசை எழுந்தபோது நான் போகவில்லை. "ஏன்?" என்றார் இவர், பைக்கில் வரும்போது.

"காலையில காபி குடிச்சுட்டேன். வெறும் வயித்துலதானே வாங்கணும்."

"நான்தானே காபி போட்டேன். நீ வேண்டாம்னியே."

ஹெல்மெட்டில் காற்று இரைந்தது. கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

கெடு நேற்றோடு முடிந்தது. குழாயை யாரும் அடைக்கவில்லை. ஊர்த்தலைவர் முதலாளிக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுப் போனார்.

மாலையில் நல்ல மழை. தொட்டியில் வழித்த சாயமண்ணைப் பின்னால் குவித்து வைத்திருந்தோம். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, மயில் நீலத்தில் ஒன்று. மழையில் இரண்டும் கரைந்து ஓட ஆரம்பித்தன. மூடுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. ஜவ்வு இயந்திரத்தின் மேலிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து போர்த்தினோம். இயந்திரம் இப்போது மழையில் நனைகிறது.

உள்ளங்கை அரிக்கிறது. ஃபிக்ஸர் பட்டதாக இருக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் போகவில்லை.

ஜூலை 8, திங்கள்

தலைவலி மாத்திரை தேடி இவர் என் கைப்பையைத் திறந்தார். பேட்டரிப் பொட்டலம் கையில் அகப்பட்டது. உள்ளே கடைச்சீட்டு, ஜூன் 21 தேதியிட்டது.

"மீட்டருக்குப் பேட்டரி வாங்கலை, வாங்கலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தே?"

"மறந்துட்டேன்."

"ரெண்டு வாரமாவா?" மாத்திரையைப் போட்டுக்கொள்ளாமலேயே போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 9, செவ்வாய்

பேட்டரி போட்டேன். குழாய் வாயில் 6,310. பள்ளத்தில் மேலிருந்து வரும் தண்ணீர் கலந்து, பாவாத்தாள் மோட்டார் வைத்திருக்கும் இடத்தில் 4,180. சின்ன வெங்காயம் ஆயிரத்துக்கு மேல் தாங்காது.

எண்களைச் சீட்டில் எழுதி, சீட்டை நான்காக மடித்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். வயல் பக்கம் நான் பார்க்கவில்லை. தூரத்தில் பச்சையாகத்தான் தெரிந்தது.

ஜூலை 15, திங்கள்

பாவாத்தாள் வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி கொண்டுவந்து, "இது என்ன நோவுங் அம்மிணி?" என்று கேட்டார். நுனியெல்லாம் கருகியிருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

நேற்று "பார்த்துச் சொல்றேன்" என்று அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். மருந்துக் கடைக்காரர் ஏதோ பூஞ்சாண மருந்து கொடுத்தாராம், இரண்டு முறை அடித்தாகிவிட்டதாம்.

இன்று முதலாளியின் அறைக்குள் போனேன். "அண்ணா, அந்தம்மா நம்ம தண்ணிய வெங்காயத்துக்குப் பாய்ச்சறாங்க. உப்புல கருகுது. நாம சொல்லணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம பாய்ச்சச் சொன்னமா?"

"பாய்ச்சாதீங்கன்னும் சொல்லலையே."

"சொன்னா என்னாகும்? அடுத்த நாளே கொழாய அடைப்பாங்க. தீபாவளி வரைக்கும் பொறுங்க டீச்சர். ஜவ்வு மாத்திப் போடறேன், எங்கப்பன் மேல சத்தியம். இந்த ஒரு வெள்ளாமைதானே? அடுத்த வெள்ளாமைக்கு அந்தக்காளுக்கு வெத வெங்காயம் நானே வாங்கித் தாரேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வாங்கித் தரக்கூடியவர்தான். அதுதான் தொல்லையாக இருக்கிறது. திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். டீ வரவழைத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

தண்ணீரில் உப்பு, பாவாத்தாள் வெங்காயம் அதில்தான் கருகுகிறது என்று இவரிடம் சொன்னேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்க்காமல்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் நாளே."

இவர் முறத்தை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிரும். என்னோட மெஷின்ல நிக்கிற முருகேசன், பொன்ராசு எல்லாருக்கும் போயிரும். நீ அந்தம்மாவை மட்டும் நினைக்கிற."

"சரி, சொல்லல."

நான் முறத்தை மறுபடி எடுத்தேன். பிறகு இவரே, "அந்தக் கீரையை நான் ரெண்டு தரம் வாங்கித் தின்னேனே" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சொல் என்றாரா, சொல்லாதே என்றாரா, தெரியவில்லை.

ஜூலை 20, சனி

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி இருக்கும். வயலில் பாவாத்தாள் தனியாக இருந்தார். கருகின பயிரைப் பிடுங்கி வரப்பில் போட்டுக்கொண்டிருந்தார். முக்கால் ஏக்கரில் பாதிக்கு மேல் வைக்கோல் நிறம். பாத்திகளின் ஓரத்தில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. இதற்கு மீட்டரே வேண்டியதில்லை.

"அக்கா, இது நோயில்லை. தண்ணியில உப்பு. களிமண் சாயத்தை மட்டும்தான் எடுக்கும். உப்பு அப்படியே வருது."

பிடுங்கிக்கொண்டே இருந்தார். பாதிப் பாத்தி முடித்தபின் நிமிர்ந்தார்.

"நான் கீரை கொண்டாந்து குடுத்தனே, அன்னிக்குத் தெரியுமுங்களா?"

என்னென்னவோ சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"தெரியும்" என்றேன்.

"வெங்காயம் ஊனறேன்னு சொன்னப்பவும்?"

"தெரியும்."

மண்ணைத் தட்டிவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"தண்ணி செவப்பா வந்தப்ப ஒண்ணும் மோசமில்லீங். இது கெட்டதுன்னு எம்பட பேத்திக்குக்கூடத் தெரியும். ஆடு மாடு அந்தப் பக்கம் போகாது. நீங்க வந்துதான் கெட்டத நல்லதாட்டம் காட்டுனீங்க."

நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. கடைசியில் நானும் குனிந்து பிடுங்கத் தொடங்கினேன்.

"அதையத் தொடாதீங்க" என்றார். கையை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 22, திங்கள்

காலையில் தொட்டிக்குப் போனேன். மூட்டையைப் பிரிக்கவில்லை. உப்பைப் பிரிக்காத வரை இனி களிமண் போடமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"நீங்க போடாட்டி என்னுங்க?" அவர் குரல் உயரவில்லை. சுவரைக் காட்டினார். "வெவரமெல்லாம் நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே."

ஆமாம். அழகான எழுத்தில்.

ஈரத்துணியால் துடைக்கப் போனேன். செல்போனில் படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். ஆனாலும் துடைத்தேன். பதினொன்றரைக்குப் பொன்ராசுதான் மண்ணைப் போட்டான். என்னைப் பார்க்காமல் போட்டான். தண்ணீர் எப்போதும் போலத் தெளிந்தது.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பை, டிபன் பாக்ஸ், என் சொந்தப் பணத்தில் வாங்கிய மீட்டர், இந்த நோட்டு, இவ்வளவும் எடுத்துக்கொண்டு வந்தேன். இவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். கை காட்டவில்லை. மெஷின் ஓடும்போது கையை எடுக்க முடியாது.

ஜூலை 24, புதன்

வீட்டில் இருக்க முடியவில்லை. அலமாரியில் பேப்பர் மாற்றினேன். தலையணைகளை வெயிலில் போட்டேன். மதியம் பாவாத்தாள் ஆள் அனுப்பினார். மீட்டரை எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம்.

பள்ளத்து ஓரமாக ஏழு கிணறு, மூன்று போர். ஒவ்வொன்றிலும் முக்கிப் பார்த்து நான் எண்ணைச் சொல்ல, பாவாத்தாளின் மருமகள் எழுதிக்கொண்டாள். என்னோடு பாவாத்தாள் பேசவில்லை. கிணற்றுக்காரர்களிடம் மட்டும், "அளக்க வந்துருக்காங்க" என்றார். யார் என்று சொல்லவில்லை.

ஜூலை 29, திங்கள்

கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம். பாவாத்தாளும் ஒன்பது பேரும் மனுக் கொடுத்தார்கள். என் அளவுகள் இணைப்பு. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் வந்து குழாயிலும் பள்ளத்திலும் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்களாம். இவர்தான் வந்து சொன்னார். "வெறும் கண்ணால பார்த்துட்டு நல்லாத்தானே இருக்குன்னார் டிரைவர். சின்ன வயசுப் பொம்பளை அதிகாரிதான் மீட்டரை உள்ள விட்டுச்சு. அப்புறம் அது முகமே மாறிப்போச்சு."

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் இவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

குழாயை அடைத்து முத்திரை வைத்துவிட்டார்கள். ஜவ்வு இயந்திரம் ஓடி, சொட்டுத் தண்ணீர் வெளியே போகாது என்று காட்டினால்தான் பட்டறை திறக்கலாம். முதலாளி நகைகளை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போயிருக்கிறாராம். முருகேசன் ஊருக்குப் போய்விட்டார். பொன்ராசு கட்டட வேலைக்கு. இவர் பக்கத்து ஊர்ப் பட்டறையில் வாரம் மூன்று நாள் நிற்கிறார், தினம் இரண்டு பஸ் மாறி.

காய்கறிக் கடையில் முருகேசனின் மனைவி என்னைப் பார்த்ததும் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலாளி எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார். உப்பு இருப்பது தனக்குத் தெரியாதாம். வேலையிலிருந்து நீக்கப்பட்ட பெண் ஆத்திரத்தில் கிளப்பிவிட்ட கதையாம். அதற்கு விசாரணை.

ஆகஸ்ட் 21, புதன்

வாரிய ஆபீசில் விசாரணை பதினொரு மணிக்கு. இவர் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். நான் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, "நீ உள்ள போ" என்றார்.

உள்ளே நீள மேசை. ஒரு பக்கம் முதலாளி, அவர் வக்கீல். மறுபக்கம் பாவாத்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுவரோரம் நின்றேன்.

நோட்டைக் கொடுத்தேன். ஜூன் 11-ஆம் தேதிப் பக்கத்தை அந்த இளம் அதிகாரி இரண்டு முறை படித்தார். பிறகு 14. பிறகு 25. அந்தப் பக்கத்தில் அவர் கண் நின்றது.

வக்கீல் எழுந்தார். "முதல் நாளே தெரிஞ்சு ஒரு மாசம் சும்மா இருந்தவங்க, இப்ப விவசாயிகள் சார்புல வந்து நிக்கறாங்க. இவங்க யாரும்மா உங்களுக்கு? சொந்தமா? சிநேகிதமா?" என்று பாவாத்தாளிடம் கேட்டார்.

"ரெண்டுமில்லீங்."

"அப்புறம் எதுக்கு இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்க?"

பாவாத்தாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"எங்க தண்ணியக் கெடுத்தவங்கள்ல இவங்களும் ஒருத்தருங். எப்பிடிக் கெடுத்தாங்கன்னு இவங்களுக்குத்தான் தெரியும். அதனாலதான் கூட்டியாந்தேன். ரெண்டையும் எழுதிக்குங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இதுல ஏதாவது மறுக்கறீங்களா?"

"இல்லை" என்றேன். "அப்படியே எழுதுங்க."

எழுதி முடித்து என் பக்கம் தள்ளினார். கெடுத்ததில் எனக்கும் பங்குண்டு என்பது மூன்றாவது வரியில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: அ. ஞானசெல்வி.